மூன்றாவது மணி நேரத்தில் தெரியும்: வீட்டில் கட்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் லோடு சோதனையும்

திண்டுக்கல்லில் பழைய டிவி மெக்கானிக் கடை எதற்குள் போனாலும் மேஜையில் இரண்டு குண்டு பல்பு இருக்கும். ஒன்று பலகையில் நிலையாகப் பொருத்தியது. கரண்டு அதன் வழியாகத்தான் பழுதான செட்டுக்குப் போகும். இதைச் சீரிஸ் பல்பு என்பார்கள். இன்னொன்று ஒயரும் இரண்டு கிளிப்புமாக டிராயரில் கிடக்கும். செட்டின் பவர் சப்ளையைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்றால், 110 வோல்ட் வாக்கில் இருக்கும் பி-பிளஸ் லைனைக் கழற்றிவிட்டு அங்கே இந்தப் பல்பை மாட்டுவார்கள். முதல் பல்பு உள்ளே போகும் கரண்டுக்குக் காவல். இரண்டாவது, வெளியே வரும் கரண்டுக்குச் செலவு. 230 வோல்ட்டுக்கான 60 வாட் பல்பு 110 வோல்ட்டில் எரியும்போது 20 வாட்டுக்குச் சற்றுக் குறைவாகத்தான் இழுக்கும். செட்டின் உண்மையான தேவையில் அது ஒரு பகுதிதான். ஆனாலும் பவர் சப்ளைக்கு வேலை கொடுத்துப் பார்க்கிறோம் என்ற எண்ணம் அந்தப் பல்பில் இருக்கிறது.

கரண்டை வேகமாகத் துண்டித்து வோல்ட்டை மாற்றும் பவர் சப்ளைதான் எஸ்எம்பிஎஸ். அதை வீட்டில் கட்டலாமா, கட்டினால் அதை எப்படி நம்புவது என்ற கேள்விக்கு நம் ஊரில் கிடைக்கும் முதல் பாடம் இந்த இரண்டு பல்புதான். பல பேர் இந்தப் பாடத்தோடு நின்றுவிடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம். போர்டில் வோல்ட் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று பெட்டியை மூடுகிறார்கள். பெட்டி மேல் ‘12 வோல்ட், 5 ஆம்பியர்’ என்று எழுதுகிறோமே, அந்த 5 என்ற எண்ணை எழுத ஒரு உரிமை வேண்டும். மூடிய பெட்டியில், நம் ஊர் வெயிலில், நம் ஊர் வோல்ட்டேஜில், சில மணி நேரம் முழு லோடில் ஓடிய பிறகுதான் அந்த உரிமை வரும்.

தமிழ்நாட்டில் எஸ்எம்பிஎஸ் பட்டிதொட்டி எங்கும் போய்ச் சேர்ந்ததில் அரசுத் திட்டங்களுக்கு ஒரு பங்கு உண்டு. 2006 தேர்தலுக்குப் பிறகு கொடுக்கத் தொடங்கிய இலவசக் கலர் டிவி ஒவ்வொன்றிலும் ஒன்று இருந்தது. 2011-க்குப் பிறகு வந்த இலவச லேப்டாப்போடு அடாப்டர் வடிவில் இன்னொன்று வந்தது. வேடசந்தூரிலும் நத்தத்திலும் ஒட்டன்சத்திரத்திலும் அந்த 14 அங்குல டிவிகள் பழுதாகி வந்தபோது மெக்கானிக்குகள் அந்தச் சர்க்யூட்டைக் கையால் கற்றார்கள். பவர் சப்ளையை ஓட்டும் எஸ்டிஆர் ஐசி போய்விட்டால் புது ஐசி போட்டார்கள். அது கிடைக்காத காலத்தில் ஐந்து ஒயர் யுனிவர்சல் மாட்யூலை வைத்து ஓட்டினார்கள். இன்னொரு பக்கம், 2008-லிருந்து ஐந்தாறு ஆண்டுகள் நீடித்த மின்வெட்டு. 2012-இல் சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்டு இல்லை. வீட்டுக்கு வீடு பேட்டரி, இன்வெர்ட்டர், சார்ஜர் என்று வந்தது அப்போதுதான். மின்சாரத்தைச் சேர்த்து வைப்பதும் மாற்றுவதும் பொறியாளர் வேலையாக மட்டும் இல்லாமல் தெருப் பேச்சாகவே ஆனது.

உலகக் கதை சுருக்கமானது. கரண்டை வேகமாகத் துண்டித்துத் துண்டித்து விட்டால் சின்ன டிரான்ஸ்பார்மரே போதும் என்பது பழைய அறிவு. 1930-களின் கார் ரேடியோக்களில் அதிரும் தகடு ஒன்று பேட்டரிக் கரண்டைத் துண்டித்து வால்வுகளுக்கு வேண்டிய உயர் வோல்ட்டை உண்டாக்கியது. வேகமான டிரான்சிஸ்டர் வந்த பிறகு அந்தத் தகடு மறைந்தது. 1976-இல் சிலிக்கான் ஜெனரல் நிறுவனத்தின் பாப் மம்மானோ வடிவமைத்த எஸ்ஜி1524, துடிப்பின் அகலத்தைக் கட்டுப்படுத்தும் வேலை முழுவதையும் ஒரே ஐசியில் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு வந்த ஆப்பிள் II கணினியில் ராட் ஹோல்ட் அமைத்த எஸ்எம்பிஎஸ், மேஜைக் கணினிக்கு மின்விசிறி இல்லாத சிறு பெட்டியே போதும் என்று காட்டியது. இன்று நம் கையில் கிடைக்கும் டிஎல்494, யூசி3842 எல்லாம் அந்தக் குடும்பத்தின் பிள்ளைகள்.

கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பொருளை எதற்குக் கட்ட வேண்டும்? பணம் மிச்சமாகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், மிச்சமாகாது. கடையில் கிடைக்காத வோல்ட் தேவைப்படும் இடங்கள் உண்டு. கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் ஆம்ப்ளிஃபயர் அசெம்பிள் செய்பவருக்குப் பிளஸ் 35, மைனஸ் 35 வோல்ட் வேண்டும். மருந்தடிக்கும் பேட்டரி ஸ்பிரேயருக்குச் சார்ஜர் போய்விட்டால் அதே அளவு சார்ஜர் ஊரில் கிடைக்காது. இதற்கெல்லாம் மேலான காரணம், கட்டியவருக்குத்தான் பழுது புரியும் என்பது. பிழைப்புக்கு ரிப்பேர் பார்க்கிற ஒருவர் வாழ்நாளில் ஒன்றையாவது டிரான்ஸ்பார்மர் கோரிலிருந்து தொடங்கிச் சுற்றிக் கட்ட வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

விற்பதற்குக் கட்டுவது வேறு விஷயம். கணினி சார்ந்த சாதனங்களுக்கான பவர் அடாப்டர், 2012-இல் மத்திய அரசு தொடங்கிய கட்டாயப் பதிவு முறையின் கீழ் வருகிறது. பிஐஎஸ் பதிவு இல்லாமல் அதை விற்பது சட்டப்படி குற்றம். வீட்டு மேஜையில் கட்டியது வீட்டு மேஜைக்கே.

எந்த வகைச் சர்க்யூட் என்பதில் நீண்ட விவாதம் தேவையில்லை. நூறு வாட்டுக்குள் ஃப்ளைபேக், அதற்கு மேல் ஹாஃப் பிரிட்ஜ் என்பது பரவலான வழக்கம். பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளையைப் பிரித்தால் டிஎல்494, இரண்டு 13007 டிரான்சிஸ்டர், ஒரு ஃபெரைட் டிரான்ஸ்பார்மர் என்று ஹாஃப் பிரிட்ஜுக்கான சாமான் மொத்தமும் கையில் வந்துவிடும். மற்றவற்றுக்கு மதுரைக்கோ சென்னை ரிச்சி தெருவுக்கோ ஒரு நடை.

டிரான்ஸ்பார்மரில்தான் நிறையப் பேர் திரும்பிப் போய்விடுகிறார்கள். அது அநியாயம், ஏனென்றால் நம் சமவெளியில் காயில் கட்டத் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. கிணற்று மோட்டாரை நம்பிய ஊர் இது. சாலையோரம் எங்கே நின்றாலும் ரீவைண்டிங் கடை உண்டு. 24 கேஜ் எனாமல் கம்பி கிராம் கணக்கில் அங்கேயே கிடைக்கும். சுற்றி முடித்ததை வார்னிஷில் முக்கிக் காயவைத்துத் தரவும் செய்வார்கள். அவர்களுக்குப் புதிதாகத் தோன்றுவது சுற்று எண்ணிக்கைதான். நடுக்கால் ஆறு சதுர சென்டிமீட்டர் உள்ள இரும்பு கோரில், 50 ஹெர்ட்ஸில், வோல்ட்டுக்கு ஆறு சுற்றுக்கு மேல் வேண்டும். 230 வோல்ட்டுக்கு 1,400 சுற்றைத் தாண்டும். கம்ப்யூட்டர் சப்ளையில் வரும் 33 மில்லிமீட்டர் ஃபெரைட் கோரின் நடுக்கால் 1.2 சதுர சென்டிமீட்டர்தான். ஆனால் 50 கிலோஹெர்ட்ஸில், ஹாஃப் பிரிட்ஜ் கொடுக்கும் 160 வோல்ட் சொச்சத்துக்கு, 46 சுற்று போதும். ஆயிரக்கணக்கில் சுற்றிப் பழகிய ஒருவரிடம் 46 என்று சொன்னால் முதலில் நம்ப மாட்டார்.

பழைய கோரைப் பிரிப்பதற்குப் பொறுமை வேண்டும். டிரான்ஸ்பார்மரைக் கொதிக்கும் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு, சூடு ஆறுவதற்குள் துணியால் பிடித்து இரண்டு பாதிகளையும் மெல்ல அசைத்தால் பசை விடும். அவசரப்பட்டு நெம்பினால் ஃபெரைட் பீங்கான் போல் உடையும். இன்னொரு எச்சரிக்கை: கம்ப்யூட்டர் சப்ளையின் கோரில் காற்றிடைவெளி இருக்காது. ஹாஃப் பிரிட்ஜுக்கு அது சரி. ஃப்ளைபேக்கில் காந்த சக்தி தங்குவதே அந்த இடைவெளியில்தான். இடைவெளி விடாமல் அதே கோரை ஃப்ளைபேக்குக்குப் போட்டால் கோர் நிரம்பி, கரண்டைத் துண்டிக்கும் மாஸ்ஃபெட் ஒரே நொடியில் வெடிக்கும். கம்பியின் பருமனிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 50 கிலோஹெர்ட்ஸில் கரண்டு செம்பின் மேல்தோலில் 0.3 மில்லிமீட்டர் ஆழத்துக்குத்தான் ஓடும். தடித்த ஒரு கம்பியைவிட மெல்லிய பல கம்பிகளை முறுக்கிச் சுற்றுவதே சரி. பிரைமரிக்கும் செகண்டரிக்கும் நடுவே மஞ்சள் மைலார் டேப் மூன்று சுற்று, ஓரங்களில் இடைவெளி, வெளியே வரும் முனைகளுக்கு ஸ்லீவ். இதில் கஞ்சம் பிடித்தால் 12 வோல்ட் பக்கத்தைத் தொடுகிற குழந்தைக்கு 230 வோல்ட் ஷாக் அடிக்கும்.

கட்டி முடித்ததும் முதல் ஆன், சீரிஸ் பல்பு வழியாக. 100 வாட் பல்பு ஒரு கணம் மின்னி அணைந்தால் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் நிரம்பியது என்று அர்த்தம். பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் ஷார்ட். அதுவரை பல்பு நல்ல ஆசான். லோடு ஏற்றும்போது அதுவே நம்மை ஏமாற்றத் தொடங்கும். எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ஒரு குணம் உண்டு: உள்ளே வரும் வோல்ட் குறைந்தால் அது கரண்டைக் கூட்டி இழுக்கும், வெளியே கொடுக்கும் வாட்டைக் குறைக்காது. லோடு ஏறும்போது சீரிஸ் பல்பு எரியத் தொடங்கும், வோல்ட் விழும், சப்ளை இன்னும் கூடுதலாக இழுக்கும், பல்பு இன்னும் எரியும், கடைசியில் சப்ளை அணைந்து அணைந்து துடிக்கும். அதைப் பழுது என்று நினைத்து நல்ல போர்டைக் கழற்றியவர்கள் உண்டு. லோடு சோதனைக்கு முன் சீரிஸ் பல்பை எடுத்துவிட்டுச் சரியான ஃப்யூஸ் போட வேண்டும்.

இரண்டாவது பல்பும் அதே போல். 12 வோல்ட்டுக்கு லோடு என்றதும் எல்லாரும் தேடுவது கார் ஹெட்லைட் பல்பு. 60 வாட் இழை, 5 ஆம்பியர், கணக்கு அழகாகப் பொருந்துகிறது. ஆனால் சூடான நிலையில் 2.4 ஓம் இருக்கும் அந்த இழை, குளிர்ந்த நிலையில் அதில் பத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். ஆன் செய்யும் கணத்தில் 5 ஆம்பியர் சப்ளையிடம் 50 ஆம்பியருக்குக் கேட்கும். பாதுகாப்பு உள்ள நல்ல சப்ளை அதற்கு மறுத்துவிடும். பாதுகாப்பு இல்லாத சப்ளை எப்படியாவது இழுத்து எரியவைத்துவிடும். நல்லது தோற்றது போலவும் கெட்டது ஜெயித்தது போலவும் தெரியும்.

இதற்கு நம்பகமான ஆள் ஹீட்டர் காயில். எலக்ட்ரிக் கடையில் கிடைக்கும் 1000 வாட் அடுப்புச் சுருளின் தடை 53 ஓம். நைக்ரோம் கம்பி சூடானாலும் தடை அதிகம் மாறாது. 2.4 ஓம் வேண்டும் என்றால் சுருளின் 22-இல் ஒரு பங்கு. அப்படி ஒரே துண்டாக வைத்தால் செக்கச் சிவந்துவிடும். பதினொன்றில் ஒரு பங்காக இரண்டு துண்டு வெட்டி, இரண்டையும் பேரலலாக இணைத்தால் அதே 2.4 ஓம். ஒவ்வொன்றும் 30 வாட் மட்டும் ஏற்கும், கம்பி சிவக்காது. இதை டைல்ஸ் துண்டின் மேல் திருகி வைத்துக்கொள்ளலாம். நைக்ரோமில் ஈயப் பற்று பிடிக்காது. போல்ட்டும் வாஷரும்தான் வழி. நான்கைந்து துண்டுகளுக்குத் தனித்தனிச் சுவிட்ச் வைத்தால் கால் லோடு, அரை லோடு, முழு லோடு என்று படிப்படியாக ஏற்றலாம். ஜெனரேட்டர்காரர்கள் உப்புத் தண்ணீர் டிரம்மில் தகடு இறக்கி லோடு பார்ப்பதைக் கண்டு இங்கேயும் முயல வேண்டாம். டிசி கரண்டில் தகடு அரிக்கும், வாயு கிளம்பும், அளவும் நிலையாக நிற்காது. மாஸ்ஃபெட், எல்எம்358, ஒரு 0.1 ஓம் தடை வைத்து எலக்ட்ரானிக் லோடு கட்டினால் ஆம்பியரைக் குமிழ் திருப்பி வைக்கலாம். வசதியானது. ஆனால் 60 வாட் சூடு ஏறத்தாழ முழுவதும் அந்த மாஸ்ஃபெட்டில் இறங்கும். பெரிய ஹீட்சிங்க்கும் ஃபேனும் இல்லாமல் தாங்காது.

எதைப் பார்ப்பது? வோல்ட் மீட்டரை மட்டும் பார்த்தால் போதாது என்பதை நான் ஒரு சித்திரை மாதத்தில் கற்றேன். ஃப்ளைபேக் முறையில் 12 வோல்ட், 5 ஆம்பியர் சப்ளை ஒன்று கட்டியிருந்தேன். திறந்த மேஜையில் அரை மணி நேரம் முழு லோடில் ஓடியது. மீட்டர் 12.0 காட்டியது. பிளாஸ்டிக் பெட்டியில் மூடி மறுபடி ஓட்டினேன். ஒரு மணி நேரம் கழித்தும் 12.0, இரண்டு மணி நேரம் கழித்தும் 12.0. மூன்றாவது மணி நேரத்தில் பெட்டியிலிருந்து மெல்லிய சீழ்க்கைச் சத்தம் வந்தது. கொஞ்ச நேரத்தில் கெமிக்கல் வாடை. திறந்து பார்த்தால் வெளியீட்டுக் கெப்பாசிட்டரின் தலை உப்பி, சிலுவைக் கோடு பிரிந்து கசிந்திருந்தது. ஃப்ளைபேக்கில் அந்தக் கெப்பாசிட்டர் வழியாக லோடு கரண்டுக்கு ஏறத்தாழ சமமான, சில வேளை அதைவிடக் கூடுதலான அலைக் கரண்டு ஓடும். நான் போட்டிருந்தது சாதாரண வகையில் ஒன்றே ஒன்று. அதன் உள்தடையில் அந்தக் கரண்டு வெப்பமாகிக்கொண்டே இருந்தது. மீட்டர் சராசரியைக் காட்டுமே தவிர அலையைக் காட்டாது. ஆசிலோஸ்கோப் வைத்திருந்தால் முதல் மணி நேரத்திலேயே அலை ஏறுவதைக் கண்டிருப்பேன். பிறகு 105 டிகிரி, குறைந்த உள்தடை வகையில் மூன்றைப் பேரலலாகப் போட்டேன். அந்தச் சப்ளை இன்றும் ஓடுகிறது.

அலையை அளப்பதற்கும் முறை இருக்கிறது. ஸ்கோப்பின் நீண்ட தரை ஒயரை அப்படியே மாட்டினால் அது ஆன்டெனா போல் வேலை செய்து இல்லாத இரைச்சலைக் காட்டும். புரோப் முனையில் 0.1, 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இரண்டை வைத்து, தரையைக் குட்டையாகத் தொட்டு, 20 மெகாஹெர்ட்ஸ் வரம்பில் அளப்பது நடைமுறை. கம்ப்யூட்டர் சப்ளைக்கான ஏடிஎக்ஸ் அளவில் 12 வோல்ட் லைனுக்கு 120 மில்லிவோல்ட் அலை அனுமதி, வோல்ட்டில் ஐந்து சதவீத ஏற்ற இறக்கம் அனுமதி. வீட்டுச் சப்ளைக்கும் இதையே இலக்காக வைக்கலாம். ஸ்கோப்பின் தரைக் கிளிப்பை எந்தக் காரணத்துக்கும் பிரைமரி பக்கம் மாட்டக் கூடாது. அந்தக் கிளிப் எர்த்தோடு சேர்ந்தது. பிரைமரி நேராக மெயினோடு சேர்ந்தது. பிரைமரி ஹீட்சிங்க்கையும் விரலால் தொட்டுச் சூடு பார்க்க வேண்டாம், அதிலும் கரண்டு இருக்கலாம். அணைத்த பிறகும் 220 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரில் 325 வோல்ட் நிற்கும். ஸ்குரூடிரைவரால் ஷார்ட் செய்யும் பழக்கத்தை விட்டு, பல்பு வழியாக இறக்குங்கள்.

உள்ளே எத்தனை வாட் போகிறது என்பதை அறிந்தால்தான் எத்தனை வாட் சூடாக வீணாகிறது என்று தெரியும். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் தவறான விடை வரும். பவர் ஃபேக்டர் திருத்தம் இல்லாத எஸ்எம்பிஎஸ் கரண்டை அலையின் உச்சியில் மட்டும் கொத்தாக இழுக்கும். பெருக்குத்தொகை உண்மை வாட்டைவிட மிக அதிகமாக வரும். வாட் மீட்டர் இல்லாதவருக்கு வீட்டுச் சுவரிலேயே ஒன்று இருக்கிறது. இ.பி. மீட்டரில் யூனிட்டுக்கு 3200 இம்பல்ஸ் என்று அச்சிட்டிருந்தால், அதன் சிவப்பு விளக்கு ஒரு முறை கண்சிமிட்ட 1,125 ஜூல் ஆகிறது. வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, சப்ளையை முழு லோடில் ஓட்டி, இரண்டு சிமிட்டலுக்கு நடுவே நேரத்தைப் பாருங்கள். 16 விநாடி என்றால் 70 வாட். வெளியே 60 வாட் போனால் 10 வாட் பெட்டிக்குள் தங்குகிறது. கையடக்கப் பெட்டிக்குள் 10 வாட் என்பது சின்ன எண் இல்லை.

இங்கேதான் ஊர் குறுக்கிடுகிறது. பாடப்புத்தகங்களில் 25 டிகிரி அறை. திண்டுக்கல்லில் சித்திரை, வைகாசியில் வெளியே 38, 40 டிகிரி போகும். தகரக் கூரை போட்ட மோட்டார் ரூமுக்குள் அதற்கும் மேல். பெட்டிக்குள் 65 டிகிரி வந்தால் ஆச்சரியமில்லை. எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டரின் ஆயுள் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் பாதியாகும் என்பது தொழிலில் எல்லாரும் ஏற்ற கணக்கு. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று உறுதி சொல்லும் கெப்பாசிட்டர் 65 டிகிரியில் 32,000 மணி நேரம் வரும். அதே இடத்தில் 85 டிகிரி, 1,000 மணி நேர வகையைப் போட்டால் 4,000-தான். இரவும் பகலும் ஓடும் கண்காணிப்புக் கேமராவின் சப்ளைக்கு அது ஆறு மாதம்கூட இல்லை. அதனால் லோடு சோதனையைக் காலைக் குளிரில் செய்யாதீர்கள். உச்சி வெயிலில், மூடிய பெட்டியில், ஃபேனை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். நான்கு மணி நேரத்துக்குக் குறைந்த சோதனையை நான் சோதனை என்று கணக்கில் வைப்பதில்லை.

வோல்ட்டேஜும் அப்படியே. மெயினில் 230 இருந்தால் உள்ளே 325 வோல்ட் டிசி. தோட்டத்து மோட்டார்கள் எல்லாம் ஓடும் நேரத்தில் லைன் கடைசி வீட்டில் 160 வந்தால் அது 226-ஆகச் சுருங்கும். அதே வாட்டைக் கொடுக்க மாஸ்ஃபெட் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கரண்டு இழுத்தாக வேண்டும். 260-க்கு ஏறினால் 368 வோல்ட். 400 வோல்ட் கெப்பாசிட்டருக்கு மிச்சம் அதிகமில்லை. மெயின் வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக் ஒன்றை இரவல் வாங்கியாவது 160-லும் 260-லும் முழு லோடு ஓட்டிப் பார்க்க வேண்டும். பெரும்பாலான வீட்டுச் சப்ளைகள் 230-இல் தேறி 160-இல் தோற்கின்றன. நியூட்ரல் போய், பக்கத்து ஃபேஸ் கலந்து 400 வோல்ட்டை ஒட்டி வரும் நாளைப் பற்றியும் யோசிக்க வேண்டும். அந்த ஒரு நிமிடத்தில் தெருவில் பாதி டிவி போவதைப் பார்த்தவர்கள் நாம். சப்ளையின் வாசலில், வோல்ட் எகிறினால் அதைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் 275 வோல்ட் எம்ஓவியும் அதற்கு முன் ஒரு ஃப்யூஸும் இருந்தால் எம்ஓவி செத்து ஃப்யூஸை ஊதும். மற்றது பெரும்பாலும் பிழைக்கும்.

காப்பு சோதனைக்கு, காப்புத் தடையை அளக்க மோட்டார் மெக்கானிக் வைத்திருக்கும் மெக்கர் உதவும். பிரைமரி முனைகள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பக்கம், செகண்டரி மறுபக்கம், 500 வோல்ட். முள்ளோ எண்ணோ நூற்றுக்கணக்கான மெகாஓமில் நிற்க வேண்டும். தொழிற்சாலையில் இதே இடத்தில் 3,000 வோல்ட் ஏசி ஒரு நிமிடம் கொடுப்பார்கள் என்பதால் மெக்கரில் தேறியது முதல் படி மட்டுமே. போர்டில் இரு பக்கத் தடங்களுக்கு நடுவே 6 மில்லிமீட்டராவது விட வேண்டும். இரும்புப் பெட்டியில் கை வைத்தால் எறும்பு ஊர்வது போல் இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: அது பெரும்பாலும் மெயினுக்கும் பெட்டிக்கும் நடுவே இருக்கும் ஒய் கெப்பாசிட்டர் வழியாக வரும் கசிவு, பெட்டிக்கு எர்த் இல்லை என்பதற்கு அடையாளம். மூன்று முள் பிளக்கில் மூன்றாவது ஒயரை வெட்டிவிட்டு இரண்டு முள் மாட்டும் வழக்கத்தை இந்த ஒரு சாதனத்திலாவது விடுங்கள்.

கெப்பாசிட்டர் மாற்றிக் கட்டிய அந்த என் சப்ளை, 160 வோல்ட்டில், 5 ஆம்பியரில், மூடிய பெட்டியில் நான்காவது மணி நேரத்தில் திணறியது. 4 ஆம்பியரில் சூடு ஏறுவது நிற்கவில்லை. 3.5 ஆம்பியரில் இரண்டரை மணி நேரத்துக்குப் பிறகு வெப்பமானி ஒரே இடத்தில் நின்றது. பெட்டி மேல் மார்க்கரால் 3.5 என்று எழுதினேன்.